முதலாளி பெட்டிக்கு அடியில் வைத்த பானை

தம்பி,

இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அடித்தவனுக்கு உடம்பு நோவதில்லை. உன் பெண்டாட்டி போட்ட கார்டு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி நுணுக்கி எழுதியிருந்தாள். என் பேரன் சோப்புக் கட்டி வந்த மரப்பெட்டியில் உடும்புக் குஞ்சு வளர்ப்பதும், மார்கழிக் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று நீயே அதற்குள் ஒரு கரண்டு பல்பு மாட்டிக் கொடுத்ததும் எனக்கு முன்பே தெரியும். இப்போது அவள் எழுதியிருப்பது வேறு. பிள்ளை பல்பை எரியவிட்டு, அது போதாதென்று பெட்டி முழுக்கக் கம்பளியைப் போர்த்திவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கிறான். சாயங்காலம் வந்து திறந்தால் குஞ்சு வெந்து விறைத்துக் கிடந்திருக்கிறது. நீ இடுப்பு வாரை உருவி அடித்திருக்கிறாய். தடுக்க நீட்டிய கையைப் பிடித்து முறுக்கியதில் ஏழு வயதுப் பிள்ளையின் இடது கை ஒடிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. “எங்கப்பன் பேரே ஒனக்கு வேணாம்னு வைக்காம விட்டேன், அந்தாளு புத்தி எங்கேருந்துடா வந்துச்சு” என்று சொல்லிச் சொல்லி அடித்தாயாம்.

அந்த ஒரு வரிக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தபால்காரர் வாசித்துக் காட்டவா என்று கேட்டார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அந்தக் கார்டை எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு பகல் ஆயிற்று. இதை எழுதி முடிக்க நாலு நாளாவது ஆகும். ஆகட்டும். இன்னொருத்தர் கையால் எழுதி வாங்கக்கூடிய சங்கதி இல்லை இது. உன் அய்யா உன் உடும்பைக் கொன்றார் என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் கொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதலாம் என்று வைத்தால் எனக்குக் கை வராது.

புதுமடம் கரையில் நமக்குச் சுண்ணாம்புக் காளவாய் இருந்த காலம் அது. சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். உனக்கு ஒன்பது வயது. தீவுப் பக்கமிருந்து வள்ளத்தில் பவளக்கல் வந்து இறங்கும். அதைக் கரியோடும் உடைமர விறகோடும் அடுக்கி மூன்று நாள் சுடுவோம். சுட்டு எடுத்த கல் பார்ப்பதற்கு வெள்ளைக் கட்டியாக, சாதுவாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சீறும். ஒரு குடம் பட்டால் உலை மாதிரி கொதித்து வெடிக்கும். அது கண்ணில் தெறித்து இரண்டு கண்ணும் போன ஒரு பொம்பளையை நான் பார்த்திருக்கிறேன். அவித்த முட்டை மாதிரி இருந்தது அவள் கண். இதை ஏன் எழுதுகிறேன் என்று பின்னால் உனக்குத் தெரியும்.

புற்றை வெட்டித் தாய் உடும்பைக் கறிக்கு அடித்தவர்கள், குஞ்சை வெட்டின மண்ணோடு விட்டுப் போனார்கள். நீ அதை அரைஞாண் கயிற்றில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தாய். முழங்கை நீளம்கூட இல்லை. “வளரட்டும், தீவாளிக்கு ஆகும்” என்றார் உன் அய்யா. நீ அதற்கு முதலாளி என்று பெயர் வைத்தாய், எல்லோரும் கல் சுமக்கையில் அது மட்டும் வெயிலில் கால் பரப்பிப் படுத்துக் கிடக்கிறது என்று. கல் சுமக்கிறவர்கள் காலையில் வந்ததும் கேட்பார்கள்:

“என்ன ராசா, மொதலாளி எந்திரிச்சிட்டாரா?”

“வெயிலு வரலைல்ல. வந்தாத்தான் கண்ணு தொறப்பாரு.”

“அவருக்கென்ன, நாமதான விடியுமுன்னே வந்து சாவுறோம்.”

உன் சித்தப்பன் அதன் வாலை மிதித்துவிட்டுச் சிரித்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சிரிப்புக்காக அவன் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. கேட்டதற்குக் கால்வலி என்று சொன்னேன்.

அதற்கு வீடாகக் கிடைத்தது கொழும்பிலிருந்து வந்த தேயிலைப் பெட்டி. அதை எங்கே வைப்பது என்று நீயும் நானும் ஒரு மாதம் படித்தோம். காளவாய்ச் சுவர் ஒரு நாள் கொதிக்கும், மறுநாள் ஆறும். நெருப்பு உச்சத்தில் இருக்கும்போது சுவரிலிருந்து மூன்று சாண் தள்ளி வைப்போம். அணைந்த மறுநாள் ஒரு சாண். அதற்கு மறுநாள் சுவரோடு சுவராக. பெட்டியின் ஒரு தலைமாடுதான் சூட்டைப் பார்த்து இருக்கும். மற்றத் தலைமாட்டில் ஈரச் சாக்கு விரித்து நிழலாக விடுவோம். சூடு வேண்டும்போது அது இந்தப் பக்கம் வரும், போதும் என்றால் அந்தப் பக்கம் போய்விடும். எவ்வளவு சூடு வேண்டும் என்று நாம் கணக்குப் போட வேண்டியதில்லை, அதற்கே தெரியும். போவதற்கு ஒரு குளிர்ந்த மூலையை மட்டும் நாம் விட்டு வைக்க வேண்டும். புறங்கையைப் பெட்டிச் சுவரில் வைத்து நான் இருபது எண்ணுவேன். பொறுக்காவிட்டால் பெட்டியை நகர்த்துவாய்.

ஐப்பசி பிறந்தால் மழை. காளவாய் மூட்ட முடியாது. வெயிலும் இல்லை. முதலாளி கட்டை மாதிரி விறைத்துப்போனது. நாலு நாளைக்கு முன் தின்ற நண்டை ஓட்டோடு, தின்றபடியே கக்கியது. சூடு இல்லாவிட்டால் அதன் வயிறு வேலை செய்யாது, உள்ளே போனது அழுகி அதையே கொல்லும் என்று அப்போதுதான் புரிந்தது. அடுப்புக் கங்கு வைத்துப் பார்த்தோம். புகையில் மூச்சுத் திணறியது. கடைசியில் நான்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தேன். வாய் உடைந்த பானையில் முஷ்டி அளவு சுட்ட கல் மூன்று, மேலே மணல், பெட்டியின் ஒரு தலைமாட்டுக்கு அடியில் குழி தோண்டிப் பானையைப் புதைத்தேன். காலையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை தண்ணீர் தெளித்தால் கல் உள்ளேயே நீறும். அந்தச் சூட்டை மணல் பிடித்து மதியம்வரை வைத்திருக்கும். மூன்று கல், ஒரு சிரட்டை. அதற்கு மேல் ஒரு சொட்டுக் கூடாது என்று உனக்குச் சத்தியம் வாங்கிச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் முதலாளி நாக்கை நீட்டியது. நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய்.

உன் அய்யாவின் திருக்கை வால் உனக்கு மறந்திருக்காது. காயவைத்த திருக்கை மீனின் வால், மூன்று முழம், மேலெல்லாம் பொடி முள். குதிரை வண்டிக்காரனே அதைத் தன் குதிரைக்கு எடுக்க யோசிப்பான். உன் அய்யா எனக்கும் உனக்கும் எடுத்தார். கஞ்சியில் உப்புக் குறைந்ததற்கு அடித்தார். கல் வெந்தது குறைந்ததற்கு அடித்தார். ஒருமுறை நான் எதிரே நின்று பார்த்ததற்கு அடித்தார். எது எப்போது விழுந்தது, எந்தக் கிழமை, அன்றைக்கு என்ன சேலை கட்டியிருந்தேன் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன்.

அந்த நாளும் மழை நாள். சுட்ட கல் குவியலை ஓலைக் கொட்டகைக்குள் பாய் போட்டு மூடி வைத்திருந்தோம். நீ காலையில் மூன்று கல் எடுத்துவிட்டுப் பாயை இழுத்து மூடாமல் வந்துவிட்டாய். கூரை ஒழுகி அந்த இடத்தில் சொட்டியது. குவியல் புகைந்து, வெடித்து, பக்கத்து ஓலை பற்றிக்கொண்டது. உன் அய்யாவும் ஆட்களும் மணலை வாரிக் கொட்டி அணைத்தார்கள். அணையாமல் போயிருந்தால் உள்ளே இருந்த அத்தனை பேரும் வெந்திருப்போம். அதனால் அவருக்குக் கோபம் வந்தது தப்பில்லை என்று எழுதுகிறேன். ஆனால் உன்னைக் கொட்டகைப் பனங்காலில் கட்டினார். வாலை எடுத்தார். நான் பதினேழு எண்ணினேன். பதினெட்டாவதற்கு நடுவில் விழுந்தேன். அவர் என் வலது காதில் அறைந்தார். அன்றைக்கு அந்தக் காதுக்குள் சங்கு ஊத ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை.

உன்னை அவிழ்த்துப் பாயில் போட்டேன். மயக்கமா தூக்கமா என்று தெரியாமல் கிடந்தாய். உன் அய்யா கஞ்சி கேட்டார். “இந்தா வாரேன்” என்று சொல்லிவிட்டுக் காளவாய்ப் பக்கம் போனேன். பெட்டிக்கு அடியில் இருந்த பழைய பானையை வெளியே எடுத்துப் போட்டேன். புதிய பானை ஒன்றில் கழுத்துவரை சுட்ட கல் நிரப்பினேன். செம்பில் தண்ணீர் மொண்டு நாலு செம்பு ஊற்றினேன். அது கொதித்து வர ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆகும். அதுவரை யார் கண்ணிலும் படாமல் இருக்க அதே குழியில், முதலாளி பெட்டிக்கு அடியில் இறக்கி வைத்தேன். அங்கே எப்போதும் ஒரு பானை இருக்கும், எவனும் சந்தேகப்படமாட்டான். பொங்கி வந்ததும் துணியால் பிடித்துத் தூக்கிக் கொண்டுபோய், கஞ்சி குடிக்கக் குனிந்திருக்கிற மனிதன் முகத்தில் கவிழ்ப்பது என்று முடிவு. அந்தப் பொம்பளையின் அவித்த கண்தான் என் மனதில் இருந்தது. கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று பொய் எழுதமாட்டேன்.

அவர் உட்கார்ந்துவிட்டாரா என்று பார்க்கக் கொட்டகை வாசலுக்கு வந்தேன். உட்கார்ந்துதான் இருந்தார். ஆனால் உன்னைக் குப்புற மடியில் கிடத்தியிருந்தார். உன் முதுகில் குத்தி நின்ற திருக்கை முள்ளை ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். நகத்துக்கு வராததைப் பல்லால் கடித்து எடுத்துத் துப்பினார். “அசையாதல நாயே, அசையாத” என்று சொல்லிக்கொண்டே எடுத்தார். நீ அசையவே இல்லை, உனக்கு நினைவே இல்லை. அந்த முள்ளெல்லாம் உன் அம்மா எடுத்தாள் என்று உன் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறாய். அவள் என்னிடம் கேட்டபோது நான் ஆமாம் என்றேன். நான் எடுக்கவில்லை.

பானையை ஊற்றினால் உன் மேல் விழும். நான் வாசலிலேயே நின்றேன். மழை முதுகில் விழுந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பெட்டியை மறந்தேன். அன்று காலையில் வாடைக்காற்று கடுமையாக இருந்ததால், முதலாளிக்குக் குளிரக்கூடாது என்று அந்தக் குளிர்ந்த மூலையில் வைக்கோலைத் திணித்து அடைத்து, மூடி மேல் கல்லும் ஏற்றி வைத்தது நான்தான். அதையும் மறந்தேன். பானை வெடித்த சத்தம் கேட்டபோதுதான் நினைவு வந்தது.

குவியல்தான் மறுபடி வெடிக்கிறது என்று நினைத்து உன் அய்யா உன்னைப் பாயில் போட்டுவிட்டு ஓடினார். பெட்டியிலிருந்து ஆவி வருவதைக் கண்டு மூடியைத் தூக்கினார், இரண்டு கையும் வெந்தது. உள்ளே அது வாயைப் பிளந்து, வைக்கோல் திணித்த மூலையைப் பிறாண்டி, நகமெல்லாம் பிய்ந்து செத்துக் கிடந்தது. கீழே கிடந்த செம்பை எடுத்து முகர்ந்து பார்த்தார். சத்தத்தில் விழித்து நீ வந்து நின்றபோது அவர் அப்படித்தான் நின்றார்: கையில் செம்பு, காலடியில் பானை, பெட்டிக்குள் உன் முதலாளி. கனல் கிளறுகிற இரும்புக் கொக்கியை எடுத்தாய். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதைத் தூக்கவே முடியாது. தூக்கி அவர் முழங்காலில் இறக்கினாய். எலும்பு உடைகிற சத்தம் எனக்கு இடது காதில் கேட்டது.

அவர் மண்ணில் கிடந்தபடி பானையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முப்பது வருடம் கல் சுட்ட மனிதன். ஓர் உடும்பைச் சூடாக்க அத்தனை கல்லும் அத்தனை தண்ணீரும் யாரும் வைக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு அவர் உன்னைத் திருப்பி அடிக்கவில்லை. அது ஏன் என்று நீ ஒரு நாளாவது யோசித்திருக்கிறாயா? அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அவர் அதன் பிறகு நொண்டினார். நீ அவரோடு பேசவில்லை. பதிமூன்று வயதில் மதுரைக்கு லாரி ஏறினாய். அவர் செத்த செய்தி சொல்ல ஆள் அனுப்பியபோது, “எனக்கு அந்தாளு உடும்பு செத்த அன்னிக்கே செத்துட்டாரு” என்று சொல்லி அனுப்பினாய். உன் சித்தப்பன் மகன் கொள்ளி வைத்தான். அந்தக் கொள்ளியை நான் உன் மேல் குற்றமாகத்தான் வைத்திருந்தேன். ஆனால் அதில் பாதிக்கு மேல் என்னுடையது.

இன்னும் கேவலமானதை எழுதுகிறேன். நீ அவரை வெறுத்தது எனக்கு இனித்தது. என் கையால் ஊற்ற முடியாததை நீ ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் மேல் ஊற்றினாய். அவர் கால் இழுத்து நடக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே குளிர்ந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது. அதனால்தான் சொல்லவில்லை. பயந்து சொல்லாமல் இருந்தேன் என்று நினைக்காதே.

அவர் சாவதற்கு முந்தின வாரம், நான் உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“அந்தப் பானை எனக்குத்தானடி வச்ச?”

“ஆமா.”

“மூஞ்சிக்கா?”

“கண்ணுக்கு.”

சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமாயிற்று. “ஊத்தியிருக்கலாம்ல. எதுக்கு நின்ன?”

“பய மடியில கெடந்தான்.” பிறகு நான் கேட்டேன், “‘உடும்ப நான் கொல்லல’ன்னு நீங்க அவங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா ஒன்னை வெறுத்திருப்பான். என்னைய எப்பிடியும் வெறுக்கத்தான் போறான், அதுல ஒரு உடும்பு கூடுனா என்ன. ஒன்னையும் வெறுத்தான்னா எங்கனடி போயி ஒதுங்குவான்?”

இந்த ஒரு பேச்சுக்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதமாட்டேன். பதினேழு அடியும் என் கணக்கில் அப்படியே இருக்கிறது, காதில் சங்கும் அப்படியே இருக்கிறது. ஆனால் அவர் செய்யாததை அவர் தலையில் வைத்து, அதை உன் பிள்ளை தலைக்கு மாற்றி, அதற்காக அவன் கையை ஒடிக்க உனக்கு உரிமை இல்லை. அவன் உன் அய்யா மாதிரி என்றாய். இல்லை. குளிருமே என்று நினைத்து மூலையை அடைத்தவன் அவன். அது என் தப்பு. அவன் என் மாதிரி. ஒரு வித்தியாசம், அவன் யாரையும் குருடாக்க நினைக்கவில்லை.

பல்பு மாட்டினாயே, சரியாக மாட்டினாயா? பெட்டியின் ஒரு தலைமாட்டில் மட்டும் மாட்டு. சுற்றிக் கம்பி வலை கட்டு. இல்லாவிட்டால் அது பல்பையே கட்டிக்கொண்டு படுக்கும், தொட்டுக் கிடக்கிற சூடு வயிறு வேகிற வரைக்கும் அதற்குத் தெரியாது. புறங்கையை வைத்து இருபது எண்ணு. பொறுக்காவிட்டால் பல்பை உயர்த்து. மற்ற மூலையில் ஈரச் சாக்கு, நிழல். அந்த மூலையை யாரும், எந்தக் குளிருக்கும், எவ்வளவு பிரியத்திலும் அடைக்கக்கூடாது. உன் வீட்டில் அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு மூலை இருக்கிறதா என்று உன் பெண்டாட்டியைக் கேட்டு எழுதியிருக்கிறேன். அவள் பதில் வரும்வரை காத்திருக்கப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை உச்சிப்புளியில் வண்டி ஏறுகிறேன். ஒரு கூடையில் உடும்புக் குஞ்சு இருக்கும். வேட்டைக்காரனிடம் சொல்லி வைத்து வாங்கிவிட்டேன். கூடையின் ஒரு பக்கத்தில் சுட வைத்த செங்கலைத் துணி சுற்றி வைத்திருப்பேன், மறுபக்கம் வெறுமையாக. அது என் பேரனுக்கு. பையில் திருக்கை வால் இருக்கும். அவர் மாட்டிய அதே ஆணியில்தான் இவ்வளவு காலமும் தொங்கியது. இதுவரை கழற்ற எனக்கு மனம் வரவில்லை. அது உனக்கு. பிள்ளை பார்க்க அதை உன் கையில் தருவேன். முதலாளியைக் கொன்றவள் உன் எதிரில்தான் நிற்பாள். அவளை என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள். ஆனால் அது முடிந்ததும் வாலை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உன் வீட்டு அடுப்பில் நானே வைப்பேன்.

அதுவரை பிள்ளையிடம் ஒன்று மட்டும் சொல். உன் தாத்தா கொல்லவில்லை என்று சொல். அவர் பெயரைச் சொல்லிச் சொல்.

அம்மா